நாலு ஏக்கர் காட்டோர நிலத்துக்கு எந்த வேலி: கம்பியா, சோலாரா, கிளுவையா? தேவாங்கையும் கணக்குல சேத்து ஒரு ஒப்பீடு

கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல கடவூர், அய்யலூர், வடமதுரை, நத்தம்னு மலைய ஒட்டி நிலம் வச்சிருக்கவங்க எங்க பாத்தாலும் இதே கேள்விதான் கேக்குறாங்க. "அண்ணே, பன்னித் தொல்லை தாங்கல, தாத்தா காலத்து முள்வேலி எல்லாம் ஓட்டை, எடுத்துட்டு கம்பி போட்ரலாமா, சோலார் போடவா, ஒருத்தரு கிளுவைச் செடிய உயிர்வேலியா வைங்கன்றாரு, எது சரி?" போன மாசம் ஒரு தம்பி இதே கேள்விய கேட்டுட்டு கூடவே இன்னொண்ணும் கேட்டாரு: "எங்க வேலில தேவாங்கு இருக்குன்னு அம்மா சொல்லுது, சரணாலயம் வேற அறிவிச்சிருக்காங்க, நாளைக்கு அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் ஆகுமாண்ணே?"

முதல் கேள்விக்கு வேலி காண்ட்ராக்டர் பதில் சொல்லிருவாரு. ரெண்டாவதையும் சேத்து வச்சுப் பாத்தாதான் கணக்கு முழுசாகும், அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன். நானும் இதுல ஒரு தடவை தப்பு பண்ணவன்தான், அத கீழ சொல்றேன்.

## சுருக்கமா தேவாங்கு கதை

"ஏண்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற"ன்னு திட்டு வாங்காத புள்ள நம்ம ஊர்ல கிடையாது, ஆனா திட்டுனவங்கள்ல பாதிப்பேரு அத நேர்ல பாத்திருக்க மாட்டாங்க. ஒரு முழம்கூட இல்லாத உடம்பு, பெருசான ஆளே 300 கிராம்தான், வெளிய தெரியிற மாதிரி வாலும் கிடையாது, மூஞ்சி முழுக்க ரெண்டு கண்ணு. பகல் பூரா முள்ளு அடர்ந்த புதருக்குள்ள சுருண்டு தூங்கும், இருட்டுனதும் கிளம்பும்.

அன்னா நெக்காரிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1997-98-ல நம்ம அய்யலூர் காட்டுலயே தங்கி ராத்திரி ராத்திரியா இதுக பின்னாடி நடந்து எழுதி வச்சாங்க. அது தின்னதுல கிட்டத்தட்ட 96 சதவீதம் பூச்சி புழு மாதிரி உசுருள்ள இரைதான், அதுலயும் எறும்பும் கரையானும்தான் நிறைய. விவசாயிக்கு இதவிட நல்ல செய்தி வேணுமா, சம்பளம் இல்லாத நைட் வாட்ச்மேன்.

வேலி விஷயத்துக்கு ரெண்டு குணம் தெரிஞ்சா போதும்.

ஒண்ணு, தேவாங்கு குதிக்காது. அணில் மாதிரி, குரங்கு மாதிரி ஒரு கிளையிலேர்ந்து இன்னொரு கிளைக்குத் தாவாது, ஒரு கையால பிடிச்சு அடுத்த கையால எட்டிப் பிடிச்சுத்தான் போகும். கிளைக்குக் கிளை தொட்டுக்கிட்டு இருக்குற வரைக்கும்தான் அதுக்கு ரோடு. இடையில பத்தடி வெட்டவெளி வந்தா தரையில இறங்கித்தான் ஆகணும், இறங்குனா நாய், இல்லன்னா வண்டிச் சக்கரம்.

ரெண்டு, பயந்தா ஓடாது, அப்படியே உறைஞ்சு உக்காந்துரும். ஆந்தைகிட்டேர்ந்தும் மரநாய்கிட்டேர்ந்தும் தப்பிக்க இது நல்ல வித்தை, ஜேசிபி முன்னாடி ஆகாத வித்தை.

இது குறைஞ்சுக்கிட்டு வர்றதுக்கு எல்லாரும் மாந்திரீகத்தத்தான் சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான், மருந்துன்னும் செய்வினைன்னும் பிடிச்சுட்டுப் போன கொடுமை நிறைய நடந்திருக்கு. ரோட்டுல அடிபடுறது, கரண்டு கம்பில மாட்டுறதும் இருக்கு, திருச்சி-திண்டுக்கல் நாலுவழிச்சாலை அய்யலூர் வழியாத்தானே போகுது. ஆனா சத்தமே இல்லாம நடக்குறது வேலி போறது, ஏன்னா காட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல இருக்குற பட்டா நிலத்துல அதுக்கு இருந்த பாதையே நம்ம முள்வேலிதான்.

2022 அக்டோபர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 11,806 ஹெக்டேர், கரூர் மாவட்டத்துல கடவூர் தாலுகா, திண்டுக்கல் மாவட்டத்துல வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்கள்ல வருது, தேவாங்குக்குன்னே நாட்டுல முதல் சரணாலயம். நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா அது காட்டு நிலம். காட்டுக் கோடு முடியிற இடத்துல நம்ம வேலி ஆரம்பிக்குது, தேவாங்குக்கு எல்லைக்கல் படிக்கத் தெரியாது.

தம்பியோட கேஸ் பயத்துக்குப் பதில்: 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல இது முதல் அட்டவணையில இருக்குற பிராணி. பிடிச்சாலோ, வளத்தாலோ, வித்தாலோ, கொன்னாலோ குத்தம், தண்டனை மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும். உங்க வேலில அது பாட்டுக்கு குடியிருக்குறது குத்தம் இல்ல. போட்டோ எடுக்குறேன், ஸ்டேட்டஸ் வைக்கிறேன்னு கையில தூக்காதீங்க, அவ்வளவுதான்.

## எத வச்சு ஒப்பிடுறது

நான் ஆறு விஷயம் பாப்பேன், இதுல முதல் ரெண்டத் தவிர மத்தத யாரும் கேக்குறதே இல்ல:

1. எது உள்ள வரக்கூடாது? ஆடு மாடா, பன்னியா, ஆளா? மயிலும் குரங்கும் எந்த வேலிக்கும் அடங்காது, அத இப்பவே மறந்துருங்க.
2. இன்னைக்கு கையிலேர்ந்து போற காசு.
3. பத்து வருஷத்துல போற காசு, வேலை, தலைவலி.
4. வேலியே தின்னுற நிலம்.
5. வேலி கெட்டியாக எத்தன நாள் ஆகும்.
6. தேவாங்கு அது வழியா போக முடியுமா, அதைவிட முக்கியமா, இந்த வேலி போட எத அழிக்க வேண்டியிருக்கு?

கணக்குக்கு சதுரமா நாலு ஏக்கர்னு வச்சுக்கோங்க. சுத்தளவு ஏறக்குறைய 1,670 அடி வரும். பத்தடிக்கு ஒரு போஸ்ட்னா 167 போஸ்ட், மூலைக்கு முட்டுக் கல்லு தனி. அடிக்கு ஒரு கிளுவைப் போத்துன்னா (ஊன்றுறதுக்கு வெட்டுன குச்சி) 1,670 போத்து. அஞ்சடி அகலத்துக்கு உயிர்வேலி விட்டா அது பிடிக்கிற இடம் 8,350 சதுர அடி, அதாவது 19 சென்ட். நீள நிலமா இருந்தா சுத்தளவு இன்னும் ஏறும், எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே ஆபீஸ் நில அளவு வரைபடம்) எடுத்து வச்சு அளந்துருங்க. விலை நான் எழுதல, கம்பி விலை எழுதி முடிக்கிறதுக்குள்ள மாறிடுது, மேல சொன்ன எண்ணிக்கைய உங்க ஊர் ரேட்டோட பெருக்கிக்கோங்க.

## கம்பிவலை, முள்கம்பி

எல்லாரும் முதல்ல யோசிக்கிறது இதத்தான், ஏன்னா ஒரு வாரத்துல முடிஞ்சிரும், பாக்கவும் எடுப்பா இருக்கும், "நம்ம எல்லை"ன்னு நெஞ்ச நிமித்திக்கலாம். ஆடு மாட்டுக்கு நல்ல தடுப்பு. ஆளுக்கும் ஓரளவு. பன்னிக்கு? கம்பிவலைய அடியில மண்ணுக்குள்ள புதைக்கலன்னா ஒரே சீசன்ல மூக்கால நெம்பித் தூக்கிரும், முள்கம்பிய அது மதிக்கிறதே இல்ல.

மறைஞ்ச செலவு: காண்ட்ராக்டர் சொல்ற ரேட்டு "சுத்தம் பண்ணிக் குடுத்த லைனு"க்கு. அந்த சுத்தம் பண்றதுதான் ஜேசிபி வாடகை, அதுல போறதுதான் அம்பது வருஷ வேலி. அடுத்து துரு. மழை தேங்குற தாழ்வான மூலையில கம்பி அடிப்பக்கம்தான் முதல்ல அரிக்கும், மேல பளபளன்னு இருக்கும், கீழ ஆட்டுக்குட்டி போற ஓட்டை விழுந்திருக்கும். அப்புறம் திருட்டு, அதப் பத்தி பேச வேண்டாம்.

இப்ப என் கதை. 2019-ல எங்க மேற்கால வேலிய எடுத்தேன், சுமார் நானூறு அடி. சூரை, இசங்கு, கள்ளி, நடுநடுவுல உசிலு, எல்லாத்து மேலயும் பிரண்டை படர்ந்து கிடந்துச்சு, பாக்க குப்பை மாதிரிதான் இருக்கும். மிஷின் வந்து ஒரு மணி நேரம் ஆயிருக்கும், ஓட்டுற தம்பி திடீர்னு கைய நிறுத்திட்டு இறங்கிட்டாரு. "அண்ணே, இங்க என்னமோ உக்காந்துருக்கு." போயி பாத்தா சூரைமுள்ளுக்குள்ள, பக்கெட்டுக்கு நாலடி தூரத்துல, ரெண்டு கையாலயும் ஒரு குச்சிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல கண்ண சுருக்கி எங்களையே பாத்துக்கிட்டு இருக்கு. அவ்வளவு சத்தம், அவ்வளவு புழுதி, அது அசையல. ரெண்டு பக்கமும் வேலி இல்ல, எங்க போகும்? நாங்க ரெண்டு பேரும் அதுக்கு மேல ஒண்ணும் பேசல, அந்த ஒரு புதர மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுத்தோம், பெரிய புண்ணியம் பண்ண மாதிரி ஒரு நெனப்பு வேற.

அந்தப் புதர் இன்னும் அங்கயேதான் நிக்குது, இந்தப் பக்கம் இருநூறடி கம்பி, அந்தப் பக்கம் இருநூறடி கம்பி. எத்தனையோ ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், காலி. நடுவுல ஒத்தப் புதர் விட்டு வைக்கிறதும் விடாததும் ஒண்ணுதான்னு எனக்குப் புரிய அஞ்சு வருஷம் ஆச்சு.

எப்ப இது சரி: வேலியே இல்லாத மொட்டை எல்லை, ரோட்டோரம், வீட்டுக் களம், கிணத்தச் சுத்தி. அதாவது எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல தாராளமா போடுங்க, தேவாங்குக்கு அதனால நட்டம் இல்ல.

## சோலார் வேலி

பன்னிக்கு உண்மையிலேயே வேலை செய்யிறது இதுதான், மறைக்க வேண்டியதில்ல. நிலக்கடலை, மக்காச்சோளம் போட்டு ஒரே ராத்திரியில பாதி வெள்ளாமைய இழந்தவன்கிட்ட போயி "இயற்கை வேலி"ன்னு பேசுனா அடிக்க வருவான், வரணும்.

எனர்ஜைசர்னு ஒரு பெட்டி, பேட்டரி, பேனல், அஞ்சாறு வரிசை கம்பி. விட்டு விட்டு ஒரு அடி குடுக்கும், உசுரு போகாது, விலங்கு அதிர்ந்து திரும்பிப் போயிரும். வேளாண்மைப் பொறியியல் துறையில மானியமும் உண்டு, அந்தந்த வருஷத்து விதிய ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. ஆனா இதுக்கும் மெயின் லைன்ல கொக்கி போடுறதுக்கும் வித்தியாசம் தெரியணும். 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஹள்ளி பக்கம் நேரடிக் கரண்டு விட்ட வேலில மூணு யானை செத்துச்சே, அது சோலார் வேலி இல்ல, அது கொலை. அதே வருஷம் தமிழ்நாட்டுல மின்வேலிக்குன்னு தனி விதியும் வந்துச்சு, காப்புக்காட்டுலேர்ந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்தா வனத்துறையில பதிவு பண்ணிட்டுத்தான் போடணும். நம்ம ஊர் நிலம் முக்காவாசி அந்த அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான் வரும்.

மறைஞ்ச செலவு இங்கதான் அதிகம்:

பேட்டரி சில வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். கம்பில புல்லு, கொடி, கிளை எது தொட்டாலும் கரண்டு மண்ணுக்கு இறங்கிரும், அடி பலமில்லாம போயிரும், அதனால கம்பிக்கு ரெண்டு பக்கமும் எப்பவும் சுத்தமா வச்சிருக்கணும். மழைக்காலத்துல பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அருவாளோட 1,670 அடி சுத்தி வரணும்னு அர்த்தம். யாரு சுத்துறா? எல்லாரும் களைக்கொல்லி அடிக்கிறாங்க. புல்லு போச்சு, புல்லுல இருந்த பூச்சி போச்சு, பூச்சிய நம்பி வந்தது தானா போச்சு. சோலார் வேலிய பத்தி பேசுறவங்க கரண்டு அடிக்குமான்னுதான் கேக்குறாங்க, கம்பிக்குக் கீழ அடிக்கிற மருந்த யாரும் கேக்குறதில்ல, என் கணக்குல ரெண்டாவதுதான் பெரிய சேதம்.

கரண்டு அடியும் சின்னப் பிராணிக்கு சின்ன விஷயம் இல்ல. பன்னிக்காக அடிக்கம்பிய முழங்காலுக்கும் கீழ கட்டுவாங்க. தென்னாப்பிரிக்காவுல இந்த மாதிரி தாழ்வான மின்கம்பில எறும்புத்தின்னி நிறைய செத்திருக்கு, ஏன்னா அடி பட்டதும் அது விலகாம சுருண்டு கம்பியவே கட்டிக்கும். தேவாங்கும் பிடிச்சத விடாத ஜாதி. அதோட கை கால்ல ரத்தக்குழாய் அமைப்பே மணிக்கணக்கா மரத்துப்போகாம பிடிச்சுக்கிட்டு இருக்க ஏத்த மாதிரி அமைஞ்சது. அப்படிப்பட்ட கை மின்கம்பில விழவே கூடாது.

எப்ப இது சரி: பன்னி தின்னுற பயிர்தான் உங்க வருமானம்னா. ஆனா எல்லையில போடாதீங்க. பழைய வேலிய அப்படியே விட்டுட்டு, அதுலேர்ந்து ஆறேழு அடி உள்ள தள்ளி, பயிர் இருக்குற துண்ட மட்டும் சுத்திப் போடுங்க. நாலு ஏக்கரையும் சுத்த வேண்டாம், கம்பியும் மிச்சம். வேலிக்கிளை கம்பில சாயாது, அறுவடை முடிஞ்சா சுவிட்ச அணைச்சுரலாம்.

## கிளுவை உயிர்வேலி

காங்கேயம் பக்கம் கொறங்காட்ட, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்த, பாத்தவங்களுக்கு கிளுவை வேலின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, மாடு மேய்ச்சல்ல இருக்கும், ஆளே இருக்க மாட்டாங்க, வேலி பாத்துக்கும். நம்ம பக்கமும் அப்படித்தான் இருந்துச்சு.

போத்து வெட்டி ஊன்றுனா போதும், வேர் பிடிச்சுக்கும், நாத்து வாங்க வேண்டியதில்ல. யாராவது வேலிய கழிக்கும்போது கேட்டா சும்மாவே குடுப்பாங்க, ஏத்துக்கூலிதான். கட்டைவிரல் மொத்தத்துக்கு மேல இருக்குற போத்தா பாத்து, மூணு நாலு அடி நீளத்துக்கு வெட்டி, மழைக்கு முன்னாடி நெருக்கமா ஊன்றணும். ஒத்த வரிசையவிட ரெண்டு வரிசை மாத்தி மாத்தி ஊன்றுனா ஆடு நுழையாது, அப்ப போத்து 3,340 ஆயிரும், அதுக்கும் தயாரா இருங்க.

கிளுவையா மட்டும் வைக்காதீங்க, இது என் பிடிவாதம். நடுநடுவுல உசிலு, கொடுக்காப்புளி, வெள்வேலு ஏதாவது ஒண்ணு இருபதடிக்கு ஒருக்கா வந்தா மேல கிளை கோத்துக்கும், அடியில சூரையும் இசங்கும் தானா வரும், வந்தா வெட்டாதீங்க. ராத்திரி தேவாங்கு மேய்ச்சல நான் கிட்டப் பாத்தது இப்படி கலந்த வேலிலதான். தெக்கால வேலில ஒரு கிளுவைக் கிளையில எறும்பு சாரை போயிட்டு இருந்துச்சு, இது பின்னங்கால் ரெண்டாலயும் மேல் கிளையில தொங்கிக்கிட்டு, மூக்க கிட்ட கொண்டு போயி மோந்து பாத்துட்டு, ஒவ்வொண்ணா நக்கி எடுக்குது. கடிக்குது போல, தலைய ஒரு உதறு உதறுது, திரும்பவும் மூக்க கொண்டு போகுது. கால் மணி நேரம் நின்னேன், ஒரு மூணடிதான் நகந்திருக்கும். அதோட உலகமே அந்த அளவுதான்.

மறைஞ்ச செலவு நேர்மையா சொல்லணும். முதல்ல நாள். மூணு வருஷம் ஆகும் வேலின்னு சொல்லிக்க. அதுவரைக்கும் ஆடு வந்து கொழுந்த கடிச்சா போச்சு, கிளுவைத் தழை ஆட்டுக்கு அல்வா மாதிரி, அதனால முதல் ரெண்டு வருஷம் வெளிய முள்ளு வெட்டி அடைச்சு காப்பாத்தணும். ரெண்டாவது, 19 சென்ட். நாலு ஏக்கர்ல இது அஞ்சு சதவீதத்துக்கும் குறைவு, ஆனா அரை ஏக்கர் துண்டு வச்சிருக்கவனுக்கு இதே அஞ்சடி அகலம் பெரிய அடி. மூணாவது, எல்லைத் தகராறு. உயிர்வேலி வருஷா வருஷம் பெருத்துக்கிட்டே போகும், பக்கத்து நிலத்து மாமா சும்மா இருக்க மாட்டாரு. சர்வேயர வச்சு அளந்து கல்லு போட்டுட்டு, கல்லுலேர்ந்து ரெண்டடி நம்ம பக்கம் தள்ளி ஊன்றுறது பின்னாடி வர்ற பஞ்சாயத்த மிச்சப்படுத்தும். நாலாவது, ஆளு. கவைக்கோலும் தொரட்டியும் வச்சு வேலி அடைக்கத் தெரிஞ்சவங்க எங்க ஊர்ல இப்ப ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல.

பன்னிக்கு இது மட்டும் போதாது. அடியில சந்து கிடைச்சா நுழைஞ்சிரும்.

எப்ப இது சரி: முருங்கை, புளி, மாமரம், மேய்ச்சல் நிலம், மானாவாரி. அவசரம் இல்லாதவங்களுக்கு. காட்டுக்கும் அடுத்த தோப்புக்கும் நடுவுல உங்க நிலம் இருந்தா, அந்தப் பக்கத்துக்காவது இததான் வைக்கணும்.

## இருக்குறதையே அடைக்கிறது

இத யாரும் ஒரு வழியாவே எடுத்துக்கறதில்ல, ஏன்னா இதுல யாருக்கும் கமிஷன் இல்ல. பழைய முள்வேலில முழு நீளமும் மோசமா இருக்காது, நடந்து பாத்தா பத்துப் பன்னெண்டு ஓட்டைதான் இருக்கும். அந்த ஓட்டைக்கு மட்டும் முள்ளு அடைச்சு, உள்ள கிளுவைப் போத்து நாலஞ்சு ஊன்றி, பன்னி வர்ற தடத்துல மட்டும் மூணடி உயரத்துக்கு கம்பிவலைய உள்பக்கமா கட்டுனா மொத்தச் செலவு கம்பிவேலில பத்துல ஒரு பங்குகூட வராது. நாள் கணக்கும் இல்ல, நிலமும் புதுசா போகல. தேவாங்குக்கு ஒண்ணுமே மாறல, அதுதான் அதுக்கு வேணும்.

தலைவலி என்னன்னா வருஷா வருஷம் ரெண்டு நாள் வேலை உண்டு, ஐப்பசிக்கு முன்னாடி ஒருக்கா, மாசிக்கு அப்புறம் ஒருக்கா. வெளியூர்ல இருந்துக்கிட்டு நிலத்த பாக்குறவங்களுக்கு இது ஒத்து வராது.

வேலி முழுக்க சீமைக்கருவேலமா இருந்தா? அது நம்ம மரம் இல்ல, போகட்டும், நானும் எடுக்கச் சொல்ற ஆளுதான். ஆனா ஒரே நாள்ல எடுக்காதீங்க. இந்த வருஷம் ஒரு பக்கம் எடுத்து கிளுவை ஊன்றுங்க, அது ஆளுயரம் வந்ததும் அடுத்த பக்கம். தேவாங்கு வயித்துல அஞ்சரை மாசம் சுமந்து ஒண்ணோ ரெண்டோ குட்டி போடுது, அந்தக் குட்டிய கிளையில உக்கார வச்சுட்டுத்தான் தாய் மேய்ச்சலுக்குப் போகும், திரும்பி வரும்போது கிளையே இல்லன்னா என்ன பண்ணும்.

## ஒரே பார்வையில

| | கம்பிவலை | சோலார் | கிளுவை | ஓட்டை அடைப்பு |
|---|---|---|---|---|
| ஆடு, மாடு | நல்லா தடுக்கும் | தடுக்கும் | 3 வருஷத்துக்கு அப்புறம் | ஓரளவு |
| பன்னி | புதைச்சா மட்டும் | நல்லா தடுக்கும் | தடத்துல வலை சேத்தா | தடத்துல வலை சேத்தா |
| இன்னைக்கு செலவு | ரொம்ப அதிகம் | அதிகம், மானியம் உண்டு | கூலி மட்டும் | ரொம்பக் கம்மி |
| பின்னாடி செலவு | துரு, திருட்டு | பேட்டரி, களை, ஓயாத வேலை | கழிக்கிற கூலி | வருஷம் ரெண்டு நாள் |
| போற நிலம் | இல்ல | ரெண்டு பக்கமும் சுத்தம் | 4 ஏக்கருக்கு 19 சென்ட் | புதுசா இல்ல |
| அனுமதி | வேண்டாம் | காட்டோரம்னா பதிவு | வேண்டாம் | வேண்டாம் |
| தேவாங்குக்கு | பழைய வேலிய எடுத்தா பாதை போச்சு | எல்லையில போட்டா ஆபத்து | நல்ல பாதை, லேட்டா | இருந்தபடியே இருக்கும் |

## அந்த தம்பிக்கு நான் சொன்னது

அவரு நிலம்: வடக்க காடு, மேக்க ஊர் ரோடு, தெக்கால பங்காளி புளியந்தோப்பு, கிழக்க மொட்டை. ஒன்றரை ஏக்கர்ல நிலக்கடலை, மிச்சம் முருங்கை. நாலு பக்கத்துக்கும் ஒரே வேலிதான் போடணும்னு எந்தச் சட்டமும் இல்லயே.

வடக்கயும் தெக்கயும் பழைய வேலிய தொடாம ஓட்டை மட்டும் அடைக்கச் சொன்னேன். கிழக்க கிளுவை, காட்டையும் தோப்பையும் அதுதான் இணைக்கப் போகுது. ரோட்டுப் பக்கம் கம்பிவலை, அங்க எடுக்க ஒண்ணும் இல்ல, தேவாங்கு ரோட்டுக்கு வராம இருக்குறதும் நல்லதுதான். நிலக்கடலைக்கு மட்டும் உள்ள தள்ளி சோலார், அறுவடை வரைக்கும். மொத்தமா கம்பி போட்டா ஆகுற செலவுல பாதிக்கும் கீழதான் வந்துச்சு, அவரே கூட்டிப் பாத்துட்டு திரும்ப போன் பண்ணாரு.

வேலில கேட்டு (வாசல்) வைக்கிற இடம் ஒரு பிரச்சனை. டிராக்டர் போக பன்னெண்டடி விட்டாகணும், தேவாங்குக்கு அது ஆறு மாதிரி. ரெண்டு பக்கமும் உசிலு வச்சா அஞ்சாறு வருஷத்துல மேல கிளை கோத்துக்கும். அதுவரைக்கும் என்ன? இந்தோனேசியாவுல ஜாவா தீவுல இதுக்கு சொந்தக்கார இனம் ஒண்ணு காய்கறித் தோட்டத்துக்கு நடுவுலதான் வாழுது, அங்க மரத்துக்கு மரம் தண்ணிக் குழாயையும் ரப்பர் ஓஸையும் கட்டி விட்டாங்க, அதுக அதையே பாலமா பிடிச்சுக்கிட்டு போக ஆரம்பிச்சிருச்சு. நம்மகிட்ட பழைய சொட்டுநீர் மெயின் ஓஸ் எத்தன சுருள் கொட்டாயில கிடக்கு. டிராக்டர் சைலன்சருக்கு மேல ரெண்டு மூணடி உசரத்துல, ரெண்டு ஓஸ பக்கத்துல பக்கத்துல இழுத்துக் கட்டுங்க, தொய்வு இல்லாம. கரண்டு லைன் பக்கத்துல போற இடமா இருந்தா வேண்டவே வேண்டாம், வேற பக்கம் பாருங்க.

கடைசியா, வேலி ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ராத்திரி தேவாங்கு இருக்கான்னு பாத்துக்கிட்டு வேலியோரமா நடங்க. டார்ச் வாயில சிவப்பு கண்ணாடிக் காகிதத்த ரப்பர்பேண்ட் போட்டு ஒட்டிக்கோங்க, வெள்ளை லைட்டு அதோட கண்ணுக்கு ஆகாது. எட்டு மணிக்கு மேல, பேசாம, ஒரு எட்டுக்கு ஒருக்கா நின்னு. நெஞ்சு உசரத்துலயோ அதுக்கு மேலயோ பக்கத்துல பக்கத்துல ரெண்டு தணல் மாதிரி ஆரஞ்சா எரியும், திரும்பி திரும்பிப் பாக்கும், ஓடாது. தரையில எரிஞ்சா அது பக்கிக்குருவிங்கிற ராத்திரிப் பறவை. தணல் பாத்த இடத்துக்கு நேரா வேலில ஒரு துணி கட்டி வச்சுட்டு வாங்க, காலையில ஜேசிபி தம்பிக்குக் காட்டணும்ல.